மைத்துனர் கொடுத்த மெட்டல் டிடெக்டரும் எங்கள் வயலும்: சில ஐயங்கள்

குத்தாலத்தான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். குத்தாலத்திற்கு அருகே காவிரிக் கரையில் எங்களுக்குப் பதினைந்து மா (ஏறத்தாழ ஐந்து ஏக்கர்) நன்செய்யும், அதையொட்டி யாரும் பயிர் வைக்காத ஒரு சிறு திடலும் இருக்கின்றன. இங்கிலாந்தில் பணிபுரியும் என் மைத்துனர், சென்ற மாதம் ஊருக்கு வந்தபோது, தாம் சில ஆண்டுகள் பயன்படுத்திய மெட்டல் டிடெக்டர் ஒன்றை என்னிடம் விட்டுச் சென்றார். அங்கே வார இறுதிகளில் உழுத வயல்களில் நடந்து பழங்காசு தேடுவது பலருக்கும் பொழுதுபோக்கு என்றும், நம் டெல்டாவைப் போலப் பழைய மண் இருந்தால் தாம் வேலையை விட்டுவிட்டு அதையே செய்துகொண்டிருப்பேன் என்றும் அவர் சொன்னார். சொல்லிவிட்டு விமானம் ஏறிவிட்டார். கருவியும் நானும் இங்கே இருக்கிறோம்.

உண்மையைச் சொன்னால், புதையல் ஆசை எனக்குப் பெரிதாக இல்லை. 1994ஆம் ஆண்டு சம்பா நடவுக்குப் பிறகு களை எடுத்துக்கொண்டிருந்தபோது என் தாயாரின் ஒற்றைத் தோடு திருகாணி கழன்று சேற்றில் விழுந்துவிட்டது. தந்தையார் இருந்தவரை ஒவ்வோர் உழவின்போதும் ஏர்க்காலிலேயே கண்ணை வைத்தபடி நடப்பார். மற்றொரு தோடு இன்றும் அம்மாவின் பெட்டியில் இருக்கிறது. அதைத் தேடிப் பார்க்கலாம் என்பதே என் முதல் எண்ணம்.

ஆனால் கருவி வீட்டுக்கு வந்த செய்தி ஊரில் பரவியதும் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்கிவிட்டார்கள். காவிரி மணலில் பொன் இருப்பதால்தான் அதற்குப் பொன்னி என்று பெயர் வந்தது, கோடையில் வறண்ட ஆற்றில் தேடு என்கிறார் ஒருவர். தரங்கம்பாடிக் கடற்கரையில் டேனிஷ்காரர்களின் காசு இன்றும் ஒதுங்குகிறது என்கிறார் மற்றொருவர். பூம்புகாருக்குப் போகலாம் என்று கூடவே வரத் தயாராக இரண்டு பேர் இருக்கிறார்கள். இவற்றில் எது நடக்கக்கூடியது, எது சட்டத்துக்கு உட்பட்டது, வயலில் இக்கருவியை எப்படிக் கையாள வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மணற்கண்டு எழுதியது:

வணக்கம். நான் கல்லூரியில் புவியியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். ஆதலால் ஆற்றுப் பொன்னைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

ஆற்று மணலில் பொன் கிடைப்பது கட்டுக்கதை அன்று. நிலம்பூரில் சாலியாற்று மணலை மரவையில் இட்டு நீரில் சுழற்றிப் பொன்துகள் எடுத்தவர்கள் உண்டு. ஜார்க்கண்டின் சுவர்ணரேகைக்கு அந்தப் பெயரே அப்படித்தான் நிலைத்தது என்பார்கள். ஆனால் ஓர் ஆற்றில் பொன் கிடைக்க வேண்டுமானால் இரண்டு நிபந்தனைகள் நிறைவேற வேண்டும். மேலே பொன் தாங்கிய பாறை இருக்க வேண்டும். நாம் நிற்கும் இடம்வரை அந்தப் பொன்னை ஆறு கொண்டுவர வேண்டும். காவிரியின் வடிநிலம் முதல் நிபந்தனையில் ஓரளவு தேறும். புகழ்பெற்ற கோலார் தங்கவயல் பாலாற்றுப் பக்கமும், இன்றும் இயங்கும் ஹட்டித் தங்கச் சுரங்கம் கிருஷ்ணையின் பக்கமும் போய்விடுகின்றன என்றாலும், பவானிக்கு நீர் தரும் அட்டப்பாடிப் பகுதியில் பொன் தாங்கிய பாறைகள் இருப்பதை இந்தியப் புவியியல் ஆய்வுத் துறை கண்டறிந்திருக்கிறது.

இரண்டாவது நிபந்தனையில்தான் டெல்டா தோற்றுப்போகிறது. பொன்னின் ஒப்படர்த்தி 19.3, சாதாரண வெண்மணலுடையது 2.65. நீருக்குள் மூழ்கியிருக்கும்போது நீரின் மிதப்பு விசையைக் கழித்துக் கணக்கிட்டால், ஒரே பருமனுள்ள பொன்மணி மணல்மணியைப் போலப் பதினொரு மடங்கு கனக்கும். ஆற்றின் வேகம் சற்றே தளர்ந்தாலும் முதலில் கீழே உட்காருவது அதுதான். ஆகவே பாறை இடுக்கு, வளைவின் உள்கரை, பெரிய கல்லின் பின்புறம் ஆகியவை மலையடிவாரத்திலேயே அதைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. கல்லணையைத் தாண்டிய பிறகு காவிரிக்கு வேகமும் இல்லை, பாறையும் இல்லை. கிளை கிளையாகப் பிரிந்து வண்டலை இறக்கிவைப்பதே அதன் வேலை. அதுவரை வந்து சேரக்கூடியது மாவைப் போன்ற நுண்துகள் மட்டுமே. அதை எந்த மெட்டல் டிடெக்டரும் கேட்காது. 1934இல் மேட்டூர் அணை எழுந்தபிறகு மேலிருந்து வரும் மணலின் பெரும்பகுதி நீர்த்தேக்கத்திலேயே தங்கிவிடுகிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆற்றோரத்திலும் கடற்கரையிலும் கறுப்பும் செந்நிறமுமாக வரிவரியாகப் படிந்திருக்கும் மணலைப் பார்த்து மயங்க வேண்டாம். அது மேக்னடைட், இல்மனைட், கார்னெட் போன்ற கனிமங்களின் படிவு. அவையும் கனமானவை என்பதால் பொன் இருக்கும் ஆறுகளில் பொன்னோடு சேர்ந்து படியும். ஆனால் அவை இருந்தால் பொன்னும் இருக்கும் என்று பொருளில்லை. ஒரு சாதாரணக் காந்தத்தைத் துணியில் சுற்றி அந்த மணலில் நுழைத்தால் பாதி ஒட்டிக்கொண்டு வந்துவிடும்.

இன்னொன்று. 1957ஆம் ஆண்டின் சுரங்கங்கள், கனிமங்கள் சட்டப்படி, உரிமம் இன்றிக் கனிமம் தேடுவதற்கே தடை உண்டு. ஆற்றுப் படுகை அரசு நிலம். அங்கே மண்வெட்டியோடு நிற்பவரை, பொன் தேடுகிறார் என்று யாரும் நம்பப் போவதில்லை. மணல் அள்ளுகிறார் என்றே எண்ணுவார்கள்.

கரைதேடி எழுதியது:

மணற்கண்டு அம்மா சொன்னதை ஏற்றுக்கொண்டு, கருவியைப் பற்றி எழுதுகிறேன். ஒன்பது ஆண்டுகள் வெளிநாட்டில் இந்தப் பொழுதுபோக்கில் ஈடுபட்டிருந்தேன். திருவாரூர்ப் பக்கம் சொந்த ஊருக்குத் திரும்பியபின், பிறர் வயலில் தொலைத்த நகைகளைத் தேடிக் கொடுப்பதற்கு மட்டும் கருவியை எடுக்கிறேன்.

உங்களிடம் இருப்பது பெரும்பாலும் குறைந்த அலைவரிசையில் இயங்கும் வகையாகத்தான் இருக்கும். கருவியின் அடியில் உள்ள வட்டமான கம்பிச் சுருளிலிருந்து, மாறுகின்ற காந்தப்புலம் மண்ணுக்குள் இறங்கி, அங்குள்ள உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. அந்த மின்னோட்டம் திருப்பி அனுப்பும் மெல்லிய புலத்தைக் கருவி பிடித்து, எவ்வளவு தாமதமாக வந்தது என்பதைக்கொண்டு இரும்பா, செம்பா, வெள்ளியா என்று ஊகிக்கிறது. ஊகிக்கிறது என்ற சொல்லைக் கவனத்தில் வையுங்கள். திரையில் தெரியும் எண் உலோகத்தின் பெயரன்று. சிறிய பொன் நகையும் சிகரெட் பெட்டியின் வெள்ளித்தாளும் மாத்திரை அட்டையும் ஏறத்தாழ ஒரே எண்ணைத்தான் காட்டும். குப்பையைத் தவிர்க்கிறேன் என்று அந்த எண்ணை ஒதுக்கிவைத்தவர்கள் தங்கத்தையும் ஒதுக்கிவைத்துவிட்டார்கள் என்றே கொள்ள வேண்டும். நம் ஊர் வயலில் இருநூறு பூச்சிமருந்துப் பொட்டலத் துண்டுகளைத் தோண்டி எடுப்பதற்கு மனத்தைத் தயார்செய்துகொண்டு தொடங்குங்கள்.

ஆழத்தைப் பற்றி வீண் நம்பிக்கை வேண்டாம். வழக்கமான அளவுள்ள சுருளுக்கு ஒரு ரூபாய் அளவுள்ள காசு 20 அல்லது 25 செ.மீ. வரை தெரியும். தோடு அதைவிடச் சிறியது. 10 முதல் 12 செ.மீ. வரை கிடைத்தால் நன்று. மெல்லிய சங்கிலி இன்னும் மோசம். ஒவ்வொரு கண்ணியும் தனித்தனிச் சிறு வளையமாக நின்று எதிரொலிப்பதால், ஒரு பவுன் சங்கிலியைவிட அரைப் பவுன் மோதிரம் தெளிவாகக் கேட்கும். தொலைந்தது சங்கிலியாக இல்லாமல் தோடாக இருப்பது உங்கள் நல்வாய்ப்பு.

உங்களுக்குச் சாதகமாக இன்னொன்றும் உண்டு. ஆண்டுதோறும் சேற்றுழவு செய்த நெல்வயலில், உழவு போகும் ஆழத்துக்குக் கீழே மண் இறுகி ஒரு தட்டாக நின்றுவிடும். சேற்றில் விழுந்த கனமான பொருள் அந்தத் தட்டுவரை இறங்கலாமே தவிர, அதைத் துளைத்துக்கொண்டு போகாது. மாட்டேர் காலத்து வயல்களில் அது பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்ளேயே இருக்கும். டிராக்டர் கேஜ் வீல் (சேற்றுழவுக்கான இரும்புச் சக்கரம்) ஓடத் தொடங்கிய பிறகு ஆழம் சற்றுக் கூடியிருக்கலாம். பொருளும் பல அடி தூரம் இழுபட்டிருக்கலாம். ஆகவே அம்மா நினைவில் வைத்திருக்கும் இடத்தோடு நிறுத்தாமல், அந்த உழவு ஓடிய திசையில் முழு வரப்பு வரை தேடுங்கள்.

தேடுவதற்கு முன் வீட்டில் உள்ள மற்றொரு தோட்டை நூலில் கட்டி, வெறும் மண்ணில் 5, 10, 15 செ.மீ. என்று ஆழம் மாற்றிப் புதைத்து, கருவி அதற்கு என்ன எண் காட்டுகிறது, எந்த ஒலி எழுப்புகிறது என்று காதுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள். இதில் கடினமான பகுதி அம்மாவிடம் அந்தத் தோட்டைப் புதைக்க அனுமதி பெறுவதுதான். பிறகு கயிறு கட்டி வயலை ஒரு மீட்டர் அகலப் பாத்திகளாகப் பிரித்து, சுருள் தரையை உரசுமளவு தாழ்த்தி, ஒவ்வொரு வீச்சும் முந்தைய வீச்சின் பாதியை மறைக்குமாறு மெதுவாக நடக்க வேண்டும். ஒருமுறை கிழக்கு மேற்காக முடித்தபின் வடக்கு தெற்காக மீண்டும் நடங்கள். கிடக்கும் கோணத்தைப் பொறுத்துச் சிறு பொருள் ஒரு திசையில் வாய் திறக்காமல் மறுதிசையில் கத்துவதுண்டு. ஒரு நாளைக்கு ஒரு மாவுக்கு மேல் முடிந்தால், வேகமாக நடக்கிறீர்கள் என்று பொருள்.

காலம் முக்கியம். சம்பா அறுத்து உளுந்து தெளித்திருந்தால் அதை மிதிக்க வேண்டாம். உளுந்து எடுத்தபின் பங்குனி, சித்திரையில் களிமண் பிளந்து கல்லாகிவிடும். அப்போது தோண்டுவதே தண்டனை. ஒரு கோடைமழை பெய்து இரண்டு நாள் கழித்துத் தேடுவதுதான் சரியான பதம். ஈரம் இருந்தால் கருவியும் சற்றுக் கூடுதலாகக் கேட்கும், மண்ணும் கையோடு வரும்.

கடற்கரை வேறு கதை. உப்புநீர் ஊறிய மணலே மின்சாரத்தைக் கடத்துவதால், ஒற்றை அலைவரிசைக் கருவி அலையடிக்கும் இடத்தில் ஓயாமல் பிதற்றும். பல அலைவரிசைகளை ஒருசேர அனுப்பும் கருவியோ துடிப்பு வகைக் கருவியோ இல்லாமல் அங்கே போவது வீண்.

எண்ணெய், எரிவாயுக் குழாய் செல்லும் அடையாளக் கம்பங்கள் உள்ள வயல்களிலும், பம்புசெட்டுக்கு மின்கம்பி புதைத்திருக்கும் இடங்களிலும், நீண்டு தொடரும் ஒலி கேட்டால் கடப்பாரையை எடுக்காதீர்கள். சிறு கைக்கொத்து போதும். அதற்கு மேல் ஆழம் தேவைப்படும் பொருள் நீங்கள் தேடும் பொருள் அன்று.

பழையகணக்கு எழுதியது:

வருவாய்த் துறையில் முப்பத்து மூன்று ஆண்டுகள் பணியாற்றியவன் என்ற முறையில் சட்டத்தைப் பற்றிச் சில வரிகள். கருவி வைத்திருப்பதும், சொந்த வயலில் தொலைத்த நகையைத் தேடுவதும் குற்றமன்று. சிக்கல் தொடங்குவது நீங்கள் தொலைக்காத ஒன்று கிடைக்கும்போதுதான்.

1878ஆம் ஆண்டின் இந்தியப் புதையல் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. மண்ணில் மறைந்துள்ள, ஏதேனும் மதிப்புள்ள எந்தப் பொருளும் அதன்படி புதையலே. மதிப்பு 10 ரூபாயைத் தாண்டினால் மாவட்ட ஆட்சியருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். அந்தப் பத்து ரூபாய் விக்டோரியா காலத்துப் பத்து ரூபாய் என்றாலும் தொகை மாற்றப்படாமல் நிற்பதால், இன்று ஏறத்தாழ எல்லாமே அதற்குள் வந்துவிடுகின்றன. பொருளின் தன்மை, தோராய மதிப்பு, கிடைத்த இடம், நாள் ஆகியவற்றை எழுதி, பொருளை அருகிலுள்ள அரசுக் கருவூலத்தில் ஒப்படைக்க வேண்டும். அல்லது கேட்கும்போது ஒப்படைப்பதாகப் பிணை தர வேண்டும். ஆட்சியர் அறிவிக்கை வெளியிட்டு, நான்கு மாதத்துக்குக் குறையாமலும் ஆறு மாதத்துக்கு மேற்படாமலும் ஒரு நாளைக் குறித்து உரிமை கோருவோரை அழைப்பார். நூறு ஆண்டுகளுக்குள் ஒருவர் புதைத்து வைத்தது என்று யாரேனும் உரிமை கோரினால், உரிமையியல் நீதிமன்றத்துக்குச் செல்ல அவருக்கு அவகாசம் தரப்படும். உரிமையாளர் எவரும் இல்லை என்று முடிவானால், வேறு உடன்படிக்கை இல்லாத நிலையில், கண்டெடுத்தவருக்கு முக்கால் பங்கும் நிலத்துக்குரியவருக்குக் கால் பங்கும் சேரும். அரசு விரும்பினால், பொருளிலுள்ள உலோகத்தின் மதிப்போடு ஐந்தில் ஒரு பங்கைக் கூடுதலாகக் கொடுத்து அதைத் தானே எடுத்துக்கொள்ளலாம்.

தெரிவிக்காமல் மறைத்தால் பங்கும் போகும். ஓராண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ கிடைக்கும். அதற்கு உடந்தையாக இருக்கும் நில உரிமையாளருக்கும் தண்டனை உண்டு என்பதால், அடுத்தவர் வயலுக்கு உங்களை அழைப்பவர்கள் அதை அறிந்திருப்பது நல்லது.

இதற்கு மேல் 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் இருக்கிறது. நூறாண்டு கடந்த காசு, சிற்பம், உலோகப் பொருள் ஆகியவை தொல்பொருள்கள். உரிமம் இன்றி அவற்றை விற்பதைத் தொழிலாக்கக் கூடாது. வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உங்கள் மைத்துனருக்கு அன்பளிப்பாக ஒரு பழங்காசை அஞ்சலில் அனுப்புவதும் இதில் அடங்கும். பூம்புகாருக்குக் கூடவே வரத் தயாராக இருக்கும் இரண்டு பேரையும் அன்போடு வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். கீழையூரில் செங்கல் படகுத்துறையும் பல்லவனீச்சுரத்தில் புத்த விகாரமும் வெளிப்பட்ட மண் அது. பாதுகாக்கப்பட்ட இடத்துக்குள் கருவியோடும் மண்வெட்டியோடும் நுழைந்தால் விளக்கம் சொல்ல நேரம் தர மாட்டார்கள். தரங்கம்பாடிக் கோட்டையைச் சுற்றியும் அப்படியே.

நம் மாவட்டங்களில் மண்ணுக்குள் என்ன கிடக்கிறது என்பதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டாம். 2020 பிப்ரவரியில் திருவானைக்காவல் கோயில் வளாகத்தில் மண்ணைத் தோண்டியபோது 1.716 கிலோ எடையுள்ள 505 பொற்காசுகள் ஒரு பாத்திரத்தில் கிடைத்தன. 2023 ஏப்ரலில் சீர்காழிச் சட்டைநாதர் கோயிலில் யாகசாலைக்குப் பள்ளம் தோண்டியபோது இருபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளும், தேவாரம் பொறித்த நானூறுக்கும் மேற்பட்ட செப்பேடுகளும் வெளிவந்தன. இவற்றில் எதுவும் மெட்டல் டிடெக்டரால் கிடைத்ததன்று. தெரிவிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பத்தூரைச் சொல்லலாம். 1976இல் மண்ணைத் தோண்டிய கூலித்தொழிலாளி ஒருவருக்குக் கிடைத்த நடராசர், கைமாறிக் கைமாறி லண்டன் வரை போய், அங்குள்ள நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் வழக்காடி 1991இல்தான் நாடு திரும்பினார்.

செப்புக்காசு எழுதியது:

ஐயா எழுதியது அத்தனையும் சரி. ஆனாலும் சேகரிப்பாளன் என்ற முறையில் மறுபக்கத்தையும் ஒருவர் சொல்ல வேண்டும்.

கரூரில் அமராவதி ஆற்று மணலில் கிடைத்த காசுகள் இல்லையென்றால், மாக்கோதை என்றும் கொல்லிப்புறை என்றும் பெயர் பொறித்த சேரர் நாணயங்களைப் பற்றி நமக்கு இன்று தெரிந்தவற்றில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். மணலைச் சலித்து வயிறு கழுவிய மக்கள் அவற்றை எடுத்தார்கள். அவர்களிடமிருந்து வாங்கியவர்கள் படித்தார்கள். நம் டெல்டாவிலும் படித்துறை மணலை அரிக்கும் குடும்பங்கள் உண்டு. பொற்கொல்லர் தெருக் குப்பையையும் சாக்கடை மண்ணையும் வாங்கி நீரில் அரித்துப் பொன்தூள் எடுப்பவர்களும் அவர்களே. அரிப்புக்காரர் என்ற சொல்லே அவர்களுக்காகத் தமிழில் இருக்கிறது. இந்தப் பொழுதுபோக்குக்கு நாம் மேல்நாட்டைப் பார்க்க வேண்டியதில்லை. மின்கலம் மட்டும்தான் புதிது.

குத்தாலத்தான் தெரிந்துகொள்ள வேண்டிய நடைமுறைச் செய்திகள் சில. ஆடிப்பெருக்குக்கு வீசியதும் பாலத்தைக் கடக்கும்போது பேருந்திலிருந்து வீசியதுமான அண்மைக்கால ரூபாய்க் காசுகள் காந்தத்தில் ஒட்டும் எஃகினால் ஆனவை; இரும்பை ஒதுக்கும் நிலையில் கருவியை வைத்தால் அவற்றில் பெரும்பாலானவை கேட்கவே கேட்காது. கயிற்றில் காந்தம் கட்டி இழுக்கும் சிறுவன் உங்களைவிட அதிகம் எடுப்பான். வயலில் கிடைக்கக்கூடியவை பெரும்பாலும் கம்பெனிக் காலத்துச் செப்புக்காசுகள், கால் அணா, 1943 முதல் 1947 வரை வெளிவந்த ஓட்டைக் காலணா போன்றவை. நாயக்கர், மராட்டியர் காலத்துச் சிறுகாசும் வரலாம். இராசராசன் பெயர் பொறித்த செப்புக்காசு கிடைத்தால் துள்ளிக் குதிக்க வேண்டாம். அது அந்தக் காலத்தில் மிகுதியாகப் புழங்கியது. ஒரு பக்கம் நிற்கும் உருவமும் மறுபக்கம் அமர்ந்த உருவமும் இருக்கும். தரங்கம்பாடியில் 1620 முதல் 1845 வரை இருந்த டேனிஷ்காரர்கள் தொடக்கத்தில் ஈயத்தில் காசு அடித்தார்கள். ஈயம் வெளுத்துப் பொரிந்து கல்லைப் போலத் தோன்றும். தொட்டால் கையைக் கழுவிவிடுங்கள்.

எதைக் கண்டாலும் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். நல்ல தண்ணீரில் ஊறவைத்து மண் தானாகக் கரையும்வரை பொறுப்பதே போதும்.

கரைதேடி எழுதியது:

செப்புக்காசு அண்ணன் அமராவதியைச் சொன்னதால் ஒன்று சேர்க்கிறேன். ஆற்று மணலில் கிடக்கும் காசு ஏற்கெனவே இடம்பெயர்ந்தது. வெள்ளம் அதை எங்கிருந்து கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. அதை எடுப்பதால் அழியும் செய்தி குறைவு. திடலோ நத்தமோ மேடோ அப்படியன்று. டெல்டாவில் பழங்குடியிருப்புகள் வெள்ளத்துக்கு மேலே உயர்ந்து நிற்கும் மேட்டில்தான் அமைந்தன. அங்கே எந்த அடுக்கில், எந்தப் பானை ஓட்டின் பக்கத்தில் காசு கிடந்தது என்பதைக்கொண்டே காலத்தைச் சொல்வார்கள். இங்கிலாந்தில் நான் கற்றதும் இதுதான். அங்கே 1996ஆம் ஆண்டுப் புதையல் சட்டமும், கிடைத்தவற்றைப் பதிவு செய்யும் அலுவலர்களும் இருக்கிறார்கள்; நிலக்காரரின் அனுமதியும் வாங்குகிறார்கள். ஸ்டாஃபோர்ட்ஷயரில் 2009இல் ஒரு பொழுதுபோக்காளருக்குக் கிடைத்த ஆங்கிலோ-சாக்சன் பொற்குவியல்கூட உழுத வயலிலிருந்து வந்ததுதான். ஆனாலும் உழவு கலக்கிய மண்ணுக்குக் கீழே ஒலி கேட்டால் நிறுத்திவிட்டு ஆளை அழைப்பதே நற்பழக்கம். குத்தாலத்தான் தம் கேள்வியில் ஒரு திடலைக் குறிப்பிட்டிருக்கிறார். வயலில் தேடுங்கள். திடலை விட்டுவிடுங்கள்.

வடவாறு எழுதியது:

ஒரு சிறு எச்சரிக்கை மட்டும். கருவி வைத்திருப்பது தெரிந்ததும், பத்து மீட்டர் ஆழத்துத் தங்கத்தைக் காட்டும் தொலைதூரக் கருவி விற்பவர்களும், அரிசியை இழுக்கும் இருடியக் கலசம் இருக்கிறது என்பவர்களும், பூசை போட்டால் புதையல் மேலே வரும் என்பவர்களும் வரிசையாக வருவார்கள். என் உறவினர் ஒருவர் இதில் இரண்டு மா நிலத்தை இழந்தார். அவர்கள் முதலில் கேட்பது முன்பணமாகத்தான் இருக்கும்; அங்கேயே கதவைச் சாத்திவிடுங்கள்.

குத்தாலத்தான் எழுதியது:

அனைவருக்கும் நன்றி. எழுதி நான்கு மாதம் கழித்து வருகிறேன். உளுந்து எடுத்து, கோடைமழை ஒன்றும் பெய்தபின், அம்மா காட்டிய தாக்கில் மூன்று மா அளவைக் கரைதேடி அண்ணன் சொன்ன முறைப்படி கயிறு கட்டித் தேடினேன். பதினொரு நாள் ஆயிற்று. அம்மாவின் மற்றொரு தோடு 12 செ.மீ. வரை கேட்டது, அதற்குக் கீழே கேட்கவில்லை. கிடைத்தவை மாட்டு லாடம் பதினான்கு, ஒரு கலப்பைக் கொழு, எண்ணிக்கையை நிறுத்திவிட்ட அளவுக்கு மருந்துப் பொட்டலத் தாள், சைக்கிள் செயின் ஒன்று, மூன்று அலுமினியப் பத்துப்பைசா, ஓர் ஓட்டைக் காலணா. தோடு கிடைக்கவில்லை. லாடங்களில் ஒன்றை எடுத்துப் பார்த்த அம்மா, அது எங்கள் வீட்டு மயிலைக் காளையின் லாடம் என்று உறுதியாகச் சொல்லி அதைப் பூசை மாடத்தில் வைத்துவிட்டார். எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை.

ஒரு குற்றத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். திடலை விட்டுவிடுங்கள் என்று எழுதியிருந்தும், பத்தாம் நாள் மாலையில் கருவியை அணைக்காமலேயே திடலின் ஓரமாக வீட்டுக்குத் திரும்பினேன். ஓரிடத்தில் இரண்டு திசையிலும் மாறாத தெளிவான ஒலி வந்தது. கை சும்மா இருக்கவில்லை. ஒரு சாண் தோண்டியதும் கறுப்பும் சிவப்புமான பானை ஓடுகளும், அவற்றோடு ஒட்டியபடி பச்சை படிந்த சதுரமான சிறு செம்புத் துண்டுகள் இரண்டும் தெரிந்தன. அவற்றை எடுக்கவில்லை, கைப்பேசியில் படம் எடுத்துவிட்டு மண்ணைத் தள்ளி மூடினேன். இனி யாரிடம், எப்படித் தெரிவிக்க வேண்டும்?

பழையகணக்கு எழுதியது:

எடுக்காமல் விட்டது நீங்கள் செய்த சரியான செயல். இனி அங்கே ஒரு கைப்பிடி மண்ணைக்கூடப் புரட்ட வேண்டாம்; படத்தை எந்தக் குழுவிலும் பகிரவும் வேண்டாம், இங்கே உட்பட.

மாவட்ட ஆட்சியருக்கு ஒரு மடல் எழுதுங்கள். கிராமத்தின் பெயர், திடலின் புல எண், பட்டா எண், கண்ட நாள், தோராயமான ஆழம், வயலில் தொலைத்த நகையைத் தேடியபோது தற்செயலாகக் கண்டது என்ற விவரம், பொருள் இன்னும் மண்ணிலேயே இருக்கிறது என்ற வரி ஆகியவை போதும். மதிப்பை ஊகித்துப் பெரிதாக எழுத வேண்டாம். படத்தின் அச்சுப்பிரதியை இணையுங்கள். நகல்களை மாநிலத் தொல்லியல் துறைக்கும் உங்கள் வட்டாட்சியருக்கும் அனுப்பி, கிராம நிர்வாக அலுவலரிடம் நேரில் ஒன்று கொடுங்கள். எல்லாவற்றிலும் உங்கள் பிரதியில் ஒப்புகைக் கையெழுத்தும் அலுவலக முத்திரையும் நாளும் பெற்றுக்கொள்ளுங்கள். முத்திரை அறையில் இல்லை, நாளை வாருங்கள் என்று சொன்னால் அங்கேயே உட்கார்ந்திருங்கள்.

அதிகாரிகள் வரும்வரை அந்த இடத்தின் மேல் ஒரு வைக்கோல் போர் போட்டுவையுங்கள். டெல்டாவில் அதை யாரும் இரண்டாம் முறை பார்க்க மாட்டார்கள்.